சட்டை நிறம் முதலில்: ஒரு மைக்காரரின் நாற்பது வருடம்

“ஒன்பது எழுபது” என்று கீழே மேசையிலிருந்து பையன் கத்தினான். மேடையில் மைக் பிடித்திருந்தவர் காதில் அது “ஒன்பது இருபது” என்று விழுந்தது. விழுந்ததை அப்படியே சொல்லிவிட்டார். சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் அலறியது. மாட்டுக்காரர்கள் துண்டைச் சுழற்றி மேலே வீசினார்கள். எங்கிருந்தோ ஒரு சரவெடி. அதுவரை ஓடிய காளைகளில் அதுதான் முதல் என்று ஆகிவிட்டது. உண்மையில் அது முதல் இருபதுக்குள்கூட வராத ஓட்டம்.

நடந்தது வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊர். காளை விடும் விழா, காளை ஓடும் நேரத்தை அளந்து பரிசு கொடுப்பது; பையன் கத்தினது 9.70 நொடி என்று. 2017-க்கு அப்புறம் வந்த ஒரு மாசி மாதம். வருடத்தையும் ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்றைக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள். மைக்காரர் பெயரும் வேண்டாம். குடியாத்தத்துக்காரர், லுங்கி நெய்த தறிக்காரர், கைப்பந்து, கபடி, பளுதூக்குதல், காளை ஓட்டம் என்று இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய நாற்பது வருடம் எல்லாவற்றுக்கும் மைக் பிடித்தவர். நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். கடைசிப் பதினாறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதினேன். அவர் என்னை மாஸ்டர் என்பார், நான் அவரை அண்ணா என்பேன்.

அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் குரலைத்தான் சொல்வார்கள். அந்தக் கணீர் குரல் இனி வருமா என்பார்கள். குரல் நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிட நல்ல குரல் உள்ள நாலைந்து பேரை எனக்கே தெரியும். இரண்டு வருடத்தில் காணாமல் போனார்கள். இவரை நிற்கவைத்தது சொல்லின் வரிசை. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்கிற அந்த ஒரு கணக்கு. “ஒன்பது இருபது” சொன்ன நாளில் அந்தக் கணக்கே ஆட்டம் கண்டது. அதனால்தான் அந்த நாளை எடுத்து விரித்துப் பார்க்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காணாமல் போன பிள்ளை

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அம்மன் சிரசு ஊர்வலம் வரும் தெருவில் காலை எடுத்து வைக்க இடம் இருக்காது. 1980களின் தொடக்கத்தில், இருபது வயதில், இவர் ஒரு மைக் செட்காரரிடம் எடுபிடியாக இருந்தார். வயர் இழுப்பது, புனல் ஒலிபெருக்கியை மரத்தில் ஏறிக் கட்டுவது, பேட்டரியைப் பார்த்துக்கொள்வது. அறிவிப்புச் சொல்கிறவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். பிள்ளையைக் காணோம்.

இவர் மைக்கை எடுத்தார். அதுவரை கேட்டுக் கேட்டுப் பழகிய மாதிரியே ஆரம்பித்தார். “அன்பான பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு.” அப்புறம் ஊர், அப்புறம் அப்பா பெயர், அம்மா பெயர், பிள்ளையின் பெயர். இரண்டு முறை சொன்னார். ஒருத்தரும் திரும்பவில்லை. மேடைக்குக் கீழே கடை போட்டிருந்த பூக்காரக் கிழவி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாளாம்: “பேரைச் சொன்னா யாருக்குத் தெரியும் நைனா? சட்டை இன்னா கலர்னு சொல்லு.”

“பச்சைச் சட்டை. நாலு வயசுப் பையன். கால்ல செருப்பு இல்ல.” சொல்லி முடித்ததும் தெருவில் நின்ற அத்தனை தலையும் குனிந்து தன் காலடியைப் பார்த்ததை மேலிருந்து பார்த்தாராம். இந்தக் காட்சியை அவர் என்னிடம் குறைந்தது முப்பது முறை சொல்லியிருப்பார். பையன் பொரிகடலைக் கடை ஓரத்தில் கிடைத்தான்.

கேட்கிறவன் எதை வைத்து ஒரு காரியம் செய்ய முடியுமோ அது முதலில் வர வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். பெயர், பட்டம், புகழ்ச்சி எல்லாம் கடைசி. அவர் இப்படி விதியாகச் சொன்னதில்லை. “சட்டை நிறம் முதல்ல மாஸ்டர்” என்பார், அவ்வளவுதான். நான் சீட்டை நீட்டும்போது பெயரை மேலே எழுதி எண்ணைக் கீழே எழுதியிருந்தால் முறைப்பார்.

கண் இருக்கிறவனுக்கு வர்ணனை

ஆனால் கிழவியின் பாடத்தை விளையாட்டுக்குக் கொண்டுவர அவருக்குப் பல வருடம் ஆனது. நடுவில் வானொலி வந்து கெடுத்தது. கெடுத்தது என்று நான்தான் சொல்கிறேன், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த காலம். சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி டெஸ்ட் என்றால் தறியடியில் டிரான்சிஸ்டர் ஓடும். 1988 ஜனவரி 11 முதல் 15 வரை மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த டெஸ்டில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் ஆட்டத்திலேயே 136 ஓட்டம் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். அந்த வாரம் இவர் மாடு விடுகிற மேடையில் ஒரு காதில் டிரான்சிஸ்டரை ஒட்டவைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் டோக்கன் எண் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதிலிருந்து பிடித்தது வர்ணனை ஆசை. கைப்பந்துப் போட்டியில் “இதோ பந்து வானில் எழும்புகிறது, பூஸ்டர் கைகளில் தவழ்கிறது, பாய்ந்து வருகிறார், அடிக்கிறார்” என்று ஆரம்பித்துவிட்டார். ஒரு மின்னொளிப் போட்டியில், இரவு பதினோரு மணிக்கு, கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “யோவ், எங்களுக்குக் கண்ணு இல்லியா?”

யோசித்தால் அந்த ஆள் கேட்டது நியாயம். வானொலிக்காரர் பார்க்க முடியாதவனுக்குச் சொல்கிறார். மைதானத்து மைக்காரர் எதிரில் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சொல்கிறார். பந்து எழும்புவதை அவனே பார்க்கிறான். அவனுக்குத் தெரியாதது எண்ணிக்கை, ஆளின் பெயர், நடுவர் ஏன் விசில் அடித்தார் என்பது, அடுத்து யார் என்பது. மைதானத்து மைக் அதைச் சொன்னால் போதும். அந்த ராத்திரிக்கு அப்புறம் அவர் கைப்பந்தில் “பந்து” என்ற சொல்லையே ஏறக்குறைய விட்டுவிட்டார்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையை நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் வின் ஸ்கல்லி என்று ஒரு பேஸ்பால் வர்ணனையாளர். டாட்ஜர்ஸ் என்ற ஒரே அணிக்கு 1950 முதல் 2016 வரை 67 பருவம் வர்ணனை செய்தவர். 1958-இல் அந்த அணி நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. முதல் சில வருடம் ஆடிய மைதானம் ரொம்பப் பெரிது, பின் வரிசையில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் எறும்பு மாதிரி தெரியும். அதனால் ஜனங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து ஸ்கல்லி சொல்வதைக் கேட்டபடியே ஆட்டத்தைப் பார்த்தார்கள். 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன் அடித்துப் பழைய சாதனையைத் தாண்டியபோது ஸ்கல்லி பந்து போன திசையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கூட்டத்தின் சத்தம் மட்டும் வெகுநேரம் காற்றில் போனது.

அண்ணா இதை ரசித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, “அவரு பேசாம இருந்ததுக்கும் சம்பளம் குடுத்தான் மாஸ்டர். நம்ம விழாக் குழு நான் ரெண்டு நிமிஷம் வாயை மூடினா கரண்டு போச்சான்னு ஆள் அனுப்புவான்” என்றார்.

அவர் இடைவெளி விட்டுப் பேசியதற்குக் காரணமே வேறு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஓடுபாதை நெடுக மரத்திலும் கம்பத்திலும் புனல் கட்டியிருப்பார்கள். 170 மீட்டர் தள்ளியிருக்கும் புனலின் சத்தம் மேடைக்கு அரை நொடி தாமதமாக வந்து சேரும். நடுவில் நிற்கிறவனுக்கு ஒரே சொல் இரண்டு முறை, மூன்று முறை கேட்கும். மூச்சு விடாமல் பேசினால் எல்லாம் கலந்து கூழாகிவிடும். அதனால் மூன்று சொல், ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று சொல். மேடைப் பேச்சுக்காரர்கள் மாதிரி நிறுத்துகிறார் என்று ஜனம் நினைத்துக்கொண்டது. புனல் எங்கே கட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு ஊரிலும் முதலில் நடந்து பார்த்துவிட்டு வருவார், அதை யாரும் கவனித்ததில்லை.

ஆட்டத்துக்கு ஆட்டம்

கைப்பந்தில் 1990களின் கடைசியில் எண்ணும் முறை மாறியது. அதுவரை சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி. மற்ற அணி ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கை மாறும். 15 புள்ளி செட். நல்ல இரண்டு அணி மோதினால் கால் மணி நேரம் எண்ணிக்கையே நகராது, மைக்காரர் “சர்வீஸ் மாற்றம், சர்வீஸ் மாற்றம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். புது முறையில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் யாராவது ஒரு அணிக்குப் புள்ளி, 25 வரை, ஐந்தாவது செட் மட்டும் 15. பழைய மைக்காரர்கள் பலருக்கு இது ஒத்துவரவில்லை, சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சர்வீஸ் போய்விடும். இவர் ஏற்கெனவே பந்தை விட்டு எண்ணுக்கு வந்துவிட்டதால் தப்பித்தார்.

கபடியில் அவர் அவ்வளவு சிறப்பில்லை என்பது என் கருத்து. ரெய்டு 30 நொடிதான், அதற்குள் போனஸ், தொடுபுள்ளி, பிடி என்று எல்லாம் நடந்துவிடுகிறது. 2014-இல் புரோ கபடி வந்து, 2017-இல் தமிழிலேயே விளையாட்டுச் சேனல் வந்த பிறகு, கிராமத்துக் கூட்டமும் தொலைக்காட்சியில் கேட்கிற மாதிரி எதிர்பார்க்க ஆரம்பித்தது. அதற்கு இளவட்டங்கள் சரி. அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

பளுதூக்குதல்தான் அவர் ஜாதகத்துக்குப் பொருந்தின ஆட்டம். வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சத்துவாச்சாரி என்றால் பளு. அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்ட் கோஸ்டில் 317 கிலோவோடு இன்னொரு தங்கம். இந்த ஆட்டத்தில் மைக்காரர் அலங்காரத்துக்கு இல்லை, ஆட்டமே அவர் வாயால்தான் நகரும். குறைந்த பளு கேட்டவர் முதலில் வருவார், கம்பியில் எடை ஏறிக்கொண்டே போகும், இறங்காது. அழைத்ததும் ஒரு நிமிடக் கடிகாரம் ஓடும். அதே ஆள் அடுத்தடுத்துத் தூக்கினால் இரண்டு நிமிடம். 30 நொடி மிச்சம் இருக்கும்போது மணி. இதில் எதை முதலில் சொல்ல வேண்டும்? பளுவை. தட்டு மாட்டுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அப்புறம் ஆளின் பெயர், அவர் மேடைக்கு வர. அப்புறம் எத்தனையாவது முயற்சி. கடைசியில் அடுத்து தயாராக வேண்டியவர். பூக்காரக் கிழவியின் விதி அப்படியே. தூக்குகிறவர் கம்பியைப் பிடித்துவிட்டால் மைக் ஊமை. அங்கே அவரை நான் பார்த்தபோது ஆளே வேறு மாதிரி இருப்பார், முதுகு நேராக.

இன்னொன்று, சொல்லாமல் விட மனசில்லை. அணிகளை அழைக்கும்போது மாவட்டத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஆரம்பித்தபோது எல்லாம் வட ஆற்காடு. 1989-இல் பிரித்து, இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நேற்றுவரை “நம்ம மாவட்ட அணி” என்று அழைத்த ஆம்பூர்ப் பையன்களை மறுநாள் “திருப்பத்தூர் மாவட்டம்” என்று அழைக்க அவருக்கு நாக்கு புரளவில்லை. சில மாதம் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

மாடு விடுகிற மேடை

தென்மாவட்டத்தவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் காளையை யாரும் தழுவுவதில்லை. வாடியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். இருபுறமும் தடுப்பு கட்டிய தெருவில் அது ஓடி எல்லைக்கோட்டைத் தாண்ட எடுக்கும் நேரத்தை அளப்பார்கள். குறைந்த நேரம் எடுத்த காளைக்கு முதல் பரிசு, அப்படியே வரிசையாகப் பரிசு இறங்கும். பொங்கலில் தொடங்கி மாசி வரை ஊர் ஊராக நடக்கும். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் மாடுகள் வரும். அதனால் எச்சரிக்கையைத் தெலுங்கிலும் சொல்ல வேண்டும். குடியாத்தத்துக்காரருக்கு அது கஷ்டமில்லை. உருதுவிலும் இரண்டு வரி வைத்திருந்தார்.

எச்சரிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த விழாவில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தடுப்பின் மேல் உட்காருவது, காளை தாண்டியதும் பாதையில் குதிப்பது, எல்லைக்கோட்டுக்கு அப்பால் வேகம் அடங்காமல் வரும் மாட்டுக்கு எதிரில் நிற்பது. “பொதுமக்கள் பாதையை விட்டு விலகி நிற்கவும்” என்று நாள் பூராவும் கத்தலாம். பொதுமக்கள் என்றால் பக்கத்தில் நிற்கிறவன் என்றுதான் ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்வான். இவர் அப்படிச் சொல்லமாட்டார். “மஞ்சச் சட்டை. கட்டை மேல. எறங்கு.” அவ்வளவுதான். சுற்றி நின்ற நூறு பேர் மஞ்சள் சட்டைக்காரனைப் பார்ப்பார்கள். அவனுக்கு வெட்கமாகி இறங்கிவிடுவான். அவன் இறங்கின பிறகே அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். காளைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை என்பார்.

முன்பெல்லாம் நேரம் பார்த்தது ஸ்டாப் வாட்சில். வாடியில் கொடி அசைந்ததும் அமுக்குவது, மாடு கோட்டைத் தாண்டியதும் அமுக்குவது. மனிதனின் கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். 100 மீட்டரைப் பத்து நொடியில் ஓடுகிற மாடு அந்த 0.2 நொடியில் 2 மீட்டர் போய்விடும். அதாவது ஏறக்குறைய ஒரு மாட்டு நீளம். அதனால் அந்தக் காலத்தில் நேரம் என்பது பாதி அளவு, பாதி நம்பிக்கை. அந்த நம்பிக்கை மைக்காரர் குரலில் இருந்தது. அவர் சொன்னால் சரி. அப்படி ஒரு அதிகாரம் அவருக்கு இருந்தது, அதை அவர் ரசித்தார் என்றும் சொல்ல வேண்டும்.

2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு, காளை ஓட்டம் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. எங்கள் மேடைகளும் ஓய்ந்தன. 2015 பொங்கலும் 2016 பொங்கலும் அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். 2017 ஜனவரிப் போராட்டம், அவசரச் சட்டம், சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம். அதில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றும் அடங்கும் என்று எழுதியிருந்தது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. திரும்ப விழா வந்தபோது விதிமுறையும் கூடவே வந்தது: கால்நடை மருத்துவர் சோதனை, இரட்டைத் தடுப்பு, அனுமதித்த நேரத்துக்குள் முடிப்பது. நாங்கள் போன மேடைகளில் ஸ்டாப் வாட்சும் போய், இரண்டு முனையிலும் ஒளிக்கதிர் வைத்து நூறில் ஒரு பங்கு நொடி காட்டும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. கருவி தப்பு செய்யாது. தப்புக்கு இனி ஒரே இடம்தான் மிச்சம்: கருவிக்கும் மைக்குக்கும் நடுவில் இருக்கிற காற்று.

அந்த நாள்

கருவி வைத்த மேசை மேடைக்குக் கீழே, பத்தடி தள்ளி. பையன் திரையைப் பார்த்துக் கத்துவான், பிறகு ஒரு சீட்டில் எழுதி மேலே அனுப்புவான். சீட்டு என் கைக்கு வந்து சேர இரண்டு மூன்று மாடு ஆகும். அவ்வளவு நேரம் கூட்டம் பொறுக்காது என்பதால் கத்தலை வைத்தே அறிவித்துவிட்டு, சீட்டை வைத்து நான் பட்டியல் எழுதுவேன். இதுதான் ஏற்பாடு. பல வருடமாக ஓடின ஏற்பாடு.

தமிழில் பத்துகளைச் சொல்லிப் பாருங்கள். இருபது, அறுபது, எழுபது. புனல் இரைச்சலிலும் ஜெனரேட்டர் சத்தத்திலும் முதல் எழுத்துகள் கரைந்துவிட்டால் மிஞ்சுவது ஒரே “பது”. இத்தனை வருடத்தில் இது ஏன் முன்பே வெடிக்கவில்லை என்றால், ஸ்டாப் வாட்ச் காலத்தில் அரை நொடி தப்பாகச் சொன்னாலும் எதிர்த்து நிற்க யாரிடமும் ஆதாரம் இல்லை. கருவி வந்த பிறகுதான் தப்பு என்பதே தெரிய ஆரம்பித்தது.

சீட்டு வந்தபோது வாடியில் அடுத்த மாடு கயிறு அறுக்கிற நிலையில் நின்றது. சீட்டில் 9.70. நான் அவர் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உடனே சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அந்த மாடு ஓடியது, அறிவித்தார். இன்னொன்றும் ஓடியது. பிறகு கையைத் தூக்கி வாடியை நிறுத்தச் சொன்னார். ஏன் காத்திருந்தார் என்று அப்புறம் கேட்டேன். மாடு பாதையில் இருக்கும்போது அந்தச் செய்தியைச் சொன்னால் கூட்டம் மேடையை நோக்கித் தள்ளும், தடுப்பு தாங்காது என்றார்.

அந்த நாலு நிமிட இடைவெளியில் விழாக் குழுவில் ஒருவர் காதோரம் வந்தார். பட்டியலில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சாயந்திரம் பரிசு கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அண்ணா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “சாயந்திரம் பாதிப் பேரு குடிச்சிருப்பான். இப்போ தெளிவா இருக்கான். இப்பவே சொல்லிடலாம்” என்றார்.

சொன்னார். “ஒன்பது எழுபது. இருபது இல்ல, எழுபது. டோக்கன் நூத்திப் பன்னெண்டு. தப்பு மைக்கோடது. மாட்டோடது இல்ல, மிஷினோடது இல்ல.” மன்னிப்பு எதுவும் முதலில் இல்லை, சரியான எண்தான் முதல் சொல். அதைக் கவனித்தது அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்.

ஊளை கிளம்பியது. மாட்டுக்காரர் வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் மேடையேறினார்கள். ஒருவன் மைக் வயரைப் பிடித்து இழுத்தான். காசு வாங்கிவிட்டாய் என்றான். இருபத்தைந்து வயது இருக்கும், மாட்டுக்காரரின் தம்பி. அண்ணா அவனிடம் வாதாடவில்லை. சீட்டை அவன் கையில் வைத்தார். கீழே திரையைக் காட்டினார்; பையன் பழைய பதிவை எடுத்து 112-ஆம் டோக்கனில் நிறுத்தியிருந்தான். பிறகு மைக்கையும் அவன் வாய்க்கு நேராக நீட்டினார். “வா நைனா. நீயே படி.”

அவன் எதிர்பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். “ஒன்பது...” என்றான். அவன் குரல் ஊர் முழுக்கப் புனலில் கேட்டதும் அவனே திடுக்கிட்டான். “எழுபது.” கூட்டம் அடங்கிவிட்டது. எட்டு நிமிடத்தில் அடுத்த மாடு ஓடியது.

இதைக் கதையாகச் சொல்லும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். எனக்கு இன்றைக்கும் அது முழுக்கச் சரியான காரியம் என்று தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிறவன் கையில் மைக்கைக் கொடுத்தால் அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஜாதிப் பெயர் ஒன்று வாயில் வந்திருந்தால் அன்றைக்கு வேறு கதை. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அண்ணாவுக்கு ஆளை எடைபோடத் தெரிந்திருந்தது, அதனால் பலித்தது. என் மாணவர்கள் யாராவது இந்தத் தொழிலுக்கு வந்தால் நாலு நிமிடம் காத்திருந்ததைக் கற்றுக்கொள் என்பேன், மைக்கை நீட்டியதைக் கற்றுக்கொள்ளாதே என்பேன்.

அடுத்த வருடம் அந்த ஊரில் அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் இன்னொரு ஊரும் விட்டுவிட்டது. அதே சமயம் அதுவரை கூப்பிடாத சில ஊர்கள் கூப்பிட்டன.

அதற்கப்புறம்

தப்பை அவர் தன் காதின் மேல் போட்டுக்கொள்ளவில்லை, ஏற்பாட்டின் மேல்தான் போட்டார். மறு வாரமே முறையை மாற்றினார். பையன் பத்துகளில் கத்தக் கூடாது. ஒவ்வொரு எண்ணாக: “ஒன்பது, ஏழு, சைபர்.” மேலேயிருந்து அவர் மைக்கை மூடிக்கொண்டு அதையே திருப்பிச் சொல்வார், பையன் கையைத் தூக்கினால்தான் மைக் திறக்கும். ரயில்வேயிலும் விமானத்திலும் இப்படித் திருப்பிச் சொல்வது பழைய வழக்கம் என்று நான் சொன்னபோது, “அப்படியா, அவங்களுக்கும் ஒரு மாடு ஓடியிருக்கும்” என்றார்.

இரண்டு நொடி கூடுதலாக ஆகும். அந்த இரண்டு நொடியைக் கூட்டம் முதலில் வெறுத்தது. பிறகு அதுவே ஒரு வழக்கமாகிப்போனது. மாடு கோட்டைத் தாண்டியதும் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்க்கும்.

குரல் போனது அதற்கு அடுத்த வருடங்களில். குரல் நாணில் காய்ப்பு என்றார் மருத்துவர். உதட்டில் மைக்கை ஒட்டிவைத்து வருடக்கணக்கில் கத்தினால் வரும். பனங்கற்கண்டும் வெந்நீருமாக இரண்டு பருவம் தள்ளினார். அப்புறம் மைக்கைத் தன் சொந்தக்காரப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டார். பையன் நன்றாகத்தான் பேசுகிறான். “சீறி வரும் சிங்கக்குட்டி, மின்னல் வேக மன்னன்” என்று ஆரம்பித்துவிட்டு எண்ணுக்கு வருவான். கூட்டத்துக்குப் பிடித்திருக்கிறது. சில ஊர்களில் இப்போது பெரிய மின்பலகையில் நேரம் எல்லாருக்கும் தெரிகிறது, எண் தப்பினாலும் குடி முழுகாது.

போன தை மாதம் லத்தேரிப் பக்கம் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் பையன். அண்ணா மேடையில் இல்லை. கீழே கருவி மேசை பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்பலகை அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஒரு மாடு கோட்டைத் தாண்டியது. பையன் மைக்கில் சிங்கக்குட்டியை ஆரம்பித்தான். அண்ணா திரையைப் பார்த்தார், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். எட்டு விரல் காட்ட இடது கையும் தேவைப்பட்டது. அப்புறம் ஆறு. அப்புறம் விரல்களைக் குவித்து ஒரு சைபர். பையன் மேலேயிருந்து குனிந்து பார்த்துத் தன் விரல்களால் அதையே திருப்பிக் காட்டினான். அண்ணா தலையை ஆட்டினார்.